பெட்டி ஒன்று போதுமா?



எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பாவுக்கு உப்பள வேலை. 'கம்ப்யூட்டர் படிக்கிற பையன்' என்பதால் தெருவே என்னிடம் யோசனை கேட்கிறது. போன மாதம் ஸ்டுடியோ அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, படமெல்லாம் சேர்த்து வைக்க வீட்டுல ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வாங்கப் போறேன். இருக்கிறதுலயே ஸ்பீடான எஸ்.எஸ்.டி. எதுன்னு சொல்லு."

அவர் கவலைக்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ.! அண்ணாச்சி கடைக்குள்ளும் தண்ணீர். எல்லாப் படத்தையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்திருந்தார். இரண்டும் ஒரே மேசைக்கு அடியில்! எங்கள் அக்கா கல்யாணப் படங்களும் அதோடு போயின. ஆல்பம் போடப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தோம். இன்று ஒரு படம்கூட இல்லை.

வேகம், வேகம் என்கிறோமே, அந்த வேகம் நமக்கு வந்து சேருமா? வீட்டு ரவுட்டரின் ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே 500 மெகாபைட் தரும். அதற்கும் மேலே காசு கொட்டுவது, முட்டுச்சந்தில் ஓட்ட ரேஸ் பைக் வாங்கின கதைதான்!

"எழுதி எழுதித் தேஞ்சு போகுமாமே?" என்று பயப்படுகிறார்கள். சாம்சங் 870 ஈவோ 1 டெராபைட்டுக்கு 600 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம்; க்யூவோவுக்கு 360. தினம் 50 ஜிகாபைட் எழுதினாலும் 600 தீர 32 வருஷத்துக்கு மேல் ஆகும். ஆக, வீட்டு உபயோகத்தில் தேய்மானம் பெரிய எதிரி அல்ல. தண்ணீரும், திடீர் மின்வெட்டும், நம் அலட்சியமும்தான் எதிரி.

ஒரே பெட்டியில் இரண்டு டிரைவ் போட்டு 'ரெய்டு' செய்தால், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். பெட்டியே மூழ்கினால்? தவறுதலாக நாமே அழித்துவிட்டால்? இரண்டிலும் போய்விடும்!

இதை அப்பாவிடம் சொன்னேன். "மழைக்கு முந்தி உப்பை மேட்டுல அம்பாரம் போட்டு ஓலையால மூடுவோம். பள்ளத்துல ரெண்டு அம்பாரம் போட்டா ரெண்டும்லா கரையும்?" என்றார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மனுஷன்!

அண்ணாச்சிக்கு நான் சொன்னது இதுதான்: நடுத்தர விலையில் ஒரு எஸ்.எஸ்.டி. போதும். மிச்சக் காசில் ஒரு சின்ன யு.பி.எஸ்., ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க். டிஸ்கில் மாதம் ஒரு முறை பிரதி எடுத்து, மேட்டுத் தெருவிலுள்ள சொந்தக்காரர் வீட்டு மாடியில் வையுங்கள். அந்தப் பிரதிக்கு எஸ்.எஸ்.டி. வேண்டாம், கரண்ட் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதில் பதிந்தது மெல்ல மெல்லக் கசிந்துவிடும்.

நண்பர்களே! நம்மிடம் யோசனை கேட்பவர்களுக்கு விலை உயர்ந்த பொருளைக் காட்டுவது படிப்பல்ல. அவர்கள் இழக்கக் கூடாததைக் காப்பாற்றித் தருவதே படிப்பு. வருமுன் காப்போம்!

— கணினிப் பொறியியல் மாணவன், மூன்றாம் ஆண்டு