புள்ளியைப் பார்த்துக் கற்றாழை விற்காதீர்கள்

"சோத்துக் கத்தாழை இருக்கா?" என்று கேட்டு வருபவரிடம் கைக்கு எட்டிய தொட்டியைக் கொடுத்தனுப்பும் பழக்கம் நம் நர்சரித் தொழிலை விட்டு இன்னும் போகவில்லை. அவரோ அதன் சோற்றை மோரில் அடித்துக் குடிக்கப்போகிறவர். அவர் கைக்குப் போனது சோப்புக் கற்றாழையாக, அதாவது ஆலோ மாக்குலேட்டாவாக இருந்தால்?

குழப்பத்துக்குக் காரணம் இலையிலுள்ள வெள்ளைப் புள்ளிகள். சோற்றுக் கற்றாழையின் இளங்கன்றிலும் புள்ளி உண்டு, வளர வளர மங்கிவிடும். முதிர்ந்தும் மறையாத சிறுரகமும் இருக்கிறது. மாக்குலேட்டாவிலோ கிழ இலையிலும் புள்ளி அப்படியே நிற்கும். ஆகவே புள்ளி சாட்சியாகாது, பூதான் சாட்சி. மாக்குலேட்டாவின் பூங்கொத்து குடைபோல் தட்டையாக, பவள நிறத்தில் வரும். சோற்றுக் கற்றாழைக்கு நிமிர்ந்த கதிரில் மஞ்சள் பூ. தாய்ச்செடி பூத்ததைக் கண்ணால் பார்க்காமல் அதன் பக்கக்கன்றை 'சாப்பிடலாம்' என்று சொல்லி விற்கக் கூடாது. சரியான செடியைக் கொடுக்கும்போதும், வெட்டிய இலையை நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வயிற்றைக் கலக்குவது அந்தப் பால்தான்.

அழகுக்குக் கேட்பவர்களுக்கு ஆலோ அர்போரெசென்ஸ் போதும் என்பேன். தென்னாப்பிரிக்காவில் கால்நடைப் பட்டிகளுக்கு உயிர்வேலியாக நட்ட செடி அது. கிளையை ஒடித்து, வெட்டுவாய் காய்ந்தபின் ஊன்றினால் வேர்விடும். ஆலோ ஃபெராக்ஸ் ஒற்றைத் தண்டாக வளரும். பெரும்பாலும் பக்கக்கன்று விடாது, விதையிலிருந்துதான் எழுப்ப வேண்டும். அதன் 'பக்கக்கன்று' என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சுருள் சுருளாக இலை அடுக்கும் பாலிஃபில்லாவின் படத்தைக் காட்டிக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அது லெசோத்தோவின் குளிர்ந்த மலைச்சரிவுச் செடி, சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பது. ஊட்டிக்காரர்கள் முறையாக வாங்கி முயன்று பார்க்கலாம். சமவெளியில் விற்பது வாடிக்கையாளரின் காசைக் கரியாக்குவதுதான்.

எந்த ரகமானாலும் நம் கடலோர மாவட்டங்களில் அதைச் சோதிப்பது சித்திரை வெயிலைவிட ஐப்பசி மழைதான். செம்மண்ணோடு பாதிக்குப் பாதி பருமணலும் செங்கல் துண்டும் கலந்து, மேட்டுப்பாத்தியில் வைத்தால் வேரழுகல் பாதி குறையும்.

கடைசியாக, புது ரகம் வரவழைப்பவர்களுக்கு. இலையிலோ பூத்தண்டிலோ கொப்புளக் கொப்புளமாகத் தடிப்பு தெரிந்தால் அது சிலந்திப்பேன் வேலை. தென்னையைப் படுத்தும் ஈரியோஃபைட் சிலந்தியின் பேரினமேதான், கண்ணுக்குத் தெரியாது, காற்றிலேயே பரவும். வந்த செடியைச் சில வாரம் தனியே வையுங்கள். தடிப்புள்ள பகுதியை வெட்டி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள்.