இறையியல் யாருடைய சொத்து?

மட்டக்களப்பு வாவிக்கரையில் தமிழ் கற்றுப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர், கிறிஸ்தவ இறையியல் பயிலப் போவதாகச் சொல்லிப் பார்க்கட்டும். ‘வேதத்திற் சேரப் போகிறாயோ?’ என்று கேட்பர் உறவினர். ‘எந்தச் சபையின் சிபாரிசுக் கடிதம் வைத்திருக்கிறீர்?’ என்று கேட்பர் திருச்சபையினர். அறிவதற்காகவே கற்க வருகிறேன் என்ற விடையை இரு சாராரும் நம்புவதில்லை. இந்த அவநம்பிக்கையை நாம் கண்டிக்கிறோம்.

ஜி. யூ. போப் ஒரு பாதிரியார். அவர் திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். சைவ சித்தாந்தத்தை ஆராய்ந்து விளக்கினார். தனிநாயகம் அடிகள் உரோமாபுரியில் இறையியல் கற்றுக் குருவானவர். 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். இருவரையும் நாம் போற்றுகிறோம். இறையியலிலிருந்து தமிழுக்கு வருபவருக்கு மாலை. தமிழிலிருந்து இறையியலுக்குச் செல்பவருக்குச் சந்தேகமா? இது எந்த ஊர் நீதி?

கற்றால் மதம் போய்விடும் என்று அஞ்சுவோர் ஆறுமுக நாவலரை நினைக்கட்டும். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு அவர் துணைநின்றார். அது 1850-இல் வெளிவந்தது. 1854-இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதியபோது அந்த விவிலிய அறிவே அவருக்குப் படைக்கலமாயிற்று. நம் காரைதீவில் 1892-இல் பிறந்த விபுலாநந்தர், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றவர். 1924-இல் இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். இவர்களுடைய சமயப் பற்றைக் கல்வி குறைத்ததா?

எமது தமிழ்க் கல்வியின் குறையையும் சொல்ல வேண்டும். தேம்பாவணியின் விருத்தங்களையும் உவமைகளையும் தமிழ்ப் பட்டதாரி அறிவார். ஆனால் மனிதாவதாரம், மீட்பு, அருள் என்பன அவருக்கு வெறும் சொற்கள். காப்பியத்தின் உயிரை விட்டு அணிகலன்களை எண்ணுவது எப்படிப் புலமையாகும்?

இலங்கையில் இறையியல் கற்பிக்க இடமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பிலிமத்தலாவையில் 1963-இல் சபைகள் கூடி அமைத்த இறையியற் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறது. திருப்பணியாளரை உருவாக்குவது அதன் கடமை, அதிற் குற்றமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் பாடமாக உள்ளது, அதுவும் நன்று. குருத்துவத்தையும் நாடாமல், நாகரிகத்தோடும் நின்றுவிடாமல், கோட்பாட்டையே ஆராய வரும் பட்டதாரிக்கு வழி என்ன என்பதே எம் கேள்வி.

‘நம்பாதவன் இறையியல் கற்பதெப்படி?’ என்பர். போப் சித்தாந்தம் கற்றபடியே கற்பான். ‘மதமாற்றத்துக்கு அதுவொரு கருவி’ என்பர். அப்படிப் பயன்பட்டதுண்டு; ஆலயத்துக்குள்ளேயே சாதி குடியிருந்ததும் உண்டு. அவற்றை ஆராய்ந்து அம்பலப்படுத்தவும் கல்வியே வேண்டும்.

எமது பாடசாலைகளில் சமய பாடவேளை வந்ததும், ஒன்றாக இருந்த பிள்ளைகள் மதவாரியாகப் பிரிந்து வெவ்வேறு வகுப்பறைகளுக்குச் செல்கின்றனர். அயலான் எதை நம்புகிறான், ஏன் நம்புகிறான் என்பதை அறியாமலே பெரியவர்களாகின்றனர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, வழிபட வந்தோர் மாண்டனர், சிறுவரும் மாண்டனர். அதன்பின் பிறர் மதத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறியோர் பலர். அம்மதத்தின் நூலொன்றையேனும் படித்துவிட்டுக் கூறியோர் எத்தனை பேர்?

ஆகவே எமது பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்பது மூன்று. எம்மதத்தைச் சேர்ந்த பட்டதாரிக்கும், மதம் அற்ற பட்டதாரிக்கும், சிபாரிசுக் கடிதமின்றி இறையியல் வகுப்பில் இடமளியுங்கள். கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் எழுத்திலிருந்து தொடங்கித் தமிழ்வழியே கற்பியுங்கள். பரீட்சையில் அவருடைய அறிவை அளவிடுங்கள், நம்பிக்கையை அளவிடாதீர்கள்.