குகைக் கனியங்களும் உயிரை விலக்கிய விளக்கமும்

சுண்ணக்கற் குகைகள் பற்றிப் புவியியல் மாணவர் கற்கும் பாடம் பெரும்பாலும் ஒரே சமன்பாட்டில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றது. மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகின்றது. அவ்வமிலம் கல்லைக் கரைக்கின்றது. குகைக் கூரையிற் கசியும் நீரிலிருந்து வாயு வெளியேற, கரைந்த சுண்ணம் கசிதுளி வீழாகவும் கசிதுளிப் படிவாகவும் மீண்டும் இறுகுகின்றது. நீர், கல், வாயு என்னும் மூன்றுக்கும் அப்பால் நான்காவதொன்றுக்கு இங்கு இடமில்லை. இவ்விளக்கம் பொய்யன்று. ஆயின், இதுவே முழு விளக்கமென்று போதிக்கப்படுவது பெரும் பிழையாகும்.

இச்சமன்பாட்டினுள்ளேயே உயிர் ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வளிமண்டலத்திலிருந்து மழைநீர் பெறும் காபனீரொட்சைட்டு சொற்பமே. மேல்மண்ணினூடு இறங்கும்போதுதான் கல்லைக் கரைக்கும் வலுவை நீர் பெரிதும் பெறுகின்றது. அங்கு வேர்களும் நுண்ணங்கிகளும் சுவாசித்து வெளிவிடும் வாயு மண்வளியிற் பன்மடங்கு செறிந்துள்ளது. உயிர் தந்த வாயுவை வாங்கிக்கொண்டு உயிரின் பெயரை மட்டும் அழித்துவிடுதல் என்ன கணக்கு?

இதற்கொரு மறுமொழி ஆயத்தமாக உண்டு: வாயுவை நுண்ணங்கி வழங்கலாம், குகைக்குள் நிகழ்வது தூய இரசாயனமே என்பர். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள லோவர் கேன் குகையில் இம்மறுமொழி நேரடியாகவே சோதிக்கப்பட்டுள்ளது. 1970களின் முற்பகுதியில் அக்குகையை ஆராய்ந்த எகமயர், ஊற்றுநீரிலுள்ள ஐதரசன் சல்பைட்டு குகைவளியிற் கலந்து, ஈரச் சுவர்களில் ஒட்சியேறிச் சல்பூரிக்கமிலமாகி, சுண்ணக்கல்லை ஜிப்சமாக மாற்றுகின்றது என்றார். காபோனிக்கமிலத்தின் தனியாட்சியை அசைத்த கருத்து அது, அவ்வகையிற் பெருமைக்குரியது. எனினும் அதிலும் உயிருக்கு இடம் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் ஏங்கல், ஸ்ரேண், பெனற் ஆகியோர் அதே குகையை மறுபரிசோதனை செய்து வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. வளியிற் கலக்கும் சல்பைட்டு சிறிதே. தானாக ஒட்சியேறுவதும் சிறிதே. பெரும்பகுதியை நீருக்கடியில் இழையிழையாகப் படர்ந்த பற்றீரியாக்கள் உட்கொள்கின்றன. அவை கல்லின் மேற்பரப்பிலே பற்றிக்கொண்டு, சல்பைட்டை ஒட்சியேற்றித் தம் வாழ்வுக்கான சத்தியைப் பெற்று, விளையும் அமிலத்தைக் கல்லின்மீதே கழிக்கின்றன. மெக்சிக்கோவின் வில்லா லூஸ் குகையிலோ, ஜிப்சம் படிந்த சுவர்களிலிருந்து பற்றீரியப் பிசின் இழைகள் தொங்கிக் கடுமையான அமிலத்தைச் சொட்டுகின்றன. குகையாய்வாளர் அவற்றுக்கு மூக்குச்சளியின் பெயரைச் சூட்டியுள்ளனர். அழகற்ற பெயராயினும் பொருத்தமானதே.

மறுபுறத்தே வேறொரு மிகை தோன்றியுள்ளதையும் கண்டிக்கவே வேண்டும். படிகத்தின்மேல் பற்றீரியா ஒன்றைக் கண்டவுடன் அப்படிகமே பற்றீரியாவின் படைப்பு எனச் சிலர் முழங்குகின்றனர். மண் பற்றீரியாக்கள் தக்க ஊடகத்திற் கல்சைற்றுப் படிகங்களை உண்டாக்குவது பொதுவான இயல்பு என 1973ஆம் ஆண்டிலேயே பொக்கேயும் அவர்தம் துணைவரும் காட்டினர். பலவற்றாலும் இயலும் காரியத்தை இன்னதுதான் செய்தது என்று கூற, அது அவ்விடத்தில் இருந்தது என்பது மட்டும் சான்றாகாது. உயிரை நிறுத்தினால் வினையும் நிற்கின்றதா என்பதே வினவத்தக்கது.

அவ்வினாவுக்குரிய விடை வெடியுப்பைப் பொறுத்தவரையில் ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே கிடைத்துவிட்டது. 1877ஆம் ஆண்டில் பிரான்சிலே ஷ்லோசிங், முன்ட்ஸ் என்போர் கழிவுநீரை மணலும் சுண்ணமும் நிறைந்த குழாயினூடு செலுத்தினர். சில வாரங்களில் அமோனியா நைத்திரேற்றாயிற்று. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. பின்னர் சிறிது மண்ணைக் கரைத்த நீரை இட்டதும் மீண்டும் தொடங்கிற்று. நீரும் கல்லும் அன்றும் அங்கேதான் இருந்தன, மயக்கப்பட்டவை நுண்ணங்கிகளே. 1890ஆம் ஆண்டளவில் விநோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்தும் காட்டினார்.

இலங்கை மாணவருக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. கண்டிநாட்டின் தும்பறைப் பகுதியில் உள்ள வெடியுப்புக் குகையைப் பற்றி ஜோன் டேவி தமது 1821ஆம் ஆண்டு நூலில் எழுதியுள்ளார். தொழிலாளர் குகைப்பாறையின் மேற்பரப்பைச் செதுக்கிப் பொடித்து, மரச்சாம்பலுடன் கலந்து, நீர்விட்டு வடித்து உப்பெடுத்தனர். இரசாயனம் நன்கறிந்த டேவியும் அந்த நைத்திரேற்றை ஆக்கிய உயிரை அறிந்திருக்க முடியாது. அவர் எழுதியபோது ஷ்லோசிங்கின் குழாய்க்கு இன்னும் ஐம்பத்தாறு ஆண்டுகள் இருந்தன. இன்று பாடநூல் எழுதுவோர்க்கு அத்தகைய சாக்கு எதுவும் இல்லை. அமெரிக்கக் குகைகளில் வெடியுப்பு எடுத்த எளிய தொழிலாளர்கூட, கழுவிய மண்ணை மீண்டும் குகைக்குள் இட்டுவைத்தால் சில ஆண்டுகளில் அதில் உப்பு மறுபடி ஊறும் என நம்பி அதனைக் காத்திருந்தனர்.