மறுப்புக் கடிதத்தின் நகல்

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஐ.டி.பி.எல். பக்கத்து டீக்கடை எதில் நின்றாலும் லாட்டரி, ஸ்டாம்பிங், ஆர்.எஃப்.இ. என்று அமெரிக்க வேலை விசாவான எச்1பி பேச்சுதான். கம்பெனி போட்ட விசா மனுவைத் தள்ளினால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று மட்டும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

போனவர்கள் இருக்கிறார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். 2015 நிதியாண்டில் புது மனுக்களில் நூற்றுக்கு 6 தள்ளுபடியானது; 2018-இல் அது 24. அதிகம் அடிபட்டவை, ஆளை வேறு நிறுவனத்தில் உட்காரவைக்கும் ஐ.டி. கம்பெனிகள். மூன்று வருஷத்துக்கும் அவருக்கு என்ன வேலை, கிளையண்ட் லெட்டர் எங்கே என்று அமெரிக்கக் குடியேற்றத் துறையினர் குடைந்தார்கள். எந்த கிளையண்ட் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுப்பான்? ஐ.டி.சர்வ் அலையன்ஸ் என்ற கம்பெனிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் வாஷிங்டன் நீதிமன்றம் அந்தக் கெடுபிடி விதிகள் செல்லாது என்றது.

அதே வருஷம் டிசம்பரில் இன்னோவா சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியின் வழக்கு. ஓர் இந்தியப் பொறியியல் பட்டதாரியை புரோகிராமராக எடுக்கப் போட்ட மனு அது. புரோகிராமர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள் என்று அமெரிக்க அரசின் கையேடே சொல்கிறது. சில முதலாளிகள் இரண்டு வருஷப் படிப்புக்காரர்களையும் எடுக்கிறார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தான்தோன்றித்தனம் என்றது.

இரண்டிலும் வழக்காடியது கம்பெனித் தரப்பு. எனக்குத் தெரிந்த நெல்லைப் பையன் ஒருவன், மனு தள்ளுபடியானதும், "கேஸ் போட முடியாதா அண்ணாச்சி?" என்றான். என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. கடிதம் கம்பெனி பெயருக்குத்தான் வரும், ஹெச்.ஆர். இவனுக்கு அனுப்பியது இரண்டு வரி மெயில். நகல் கேட்டதற்கு, அது கம்பெனி ஆவணம் என்று பதில். வக்கீல் செலவைவிட அடுத்த மார்ச் லாட்டரி அவர்களுக்கு அப்போது மலிவாக இருந்தது. வேலைக்குப் போகிறவரும் வழக்காடலாம் என்று ஏற்ற அமெரிக்க நீதிமன்றங்கள் சில உண்டு. ஆனால் என்ன காரணம் என்றே தெரியாமல் எதை மறுத்து வாதாடுவான்?

மனு தேறினாலும் சென்னை ஜெமினி மேம்பாலத்தடி அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் இருக்கிறது. அந்த ஜன்னலில் மறுத்துவிட்டால் அநேகமாக எந்த கோர்ட்டும் கேட்காது. 2024-இல் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் உறுதிப்படுத்தியது. ஆக, சண்டை போட முடிந்த ஒரே இடம் மனுதான். அதன் காகிதம் சம்பந்தப்பட்டவன் கையில் இல்லை என்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

அடுத்த கம்பெனியில் சேரும்போதே நகல் தருவோம் என்று ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்கிக்கொள் என்றேன்.

"அதக் கேட்டா ஆஃபரையே பிடுங்கிருவாங்க அண்ணாச்சி."