சேற்றில் இறங்குகிறவனுக்குக் காப்பு எங்கே?

"ஆள் கிடைக்கவில்லை!"

பொன்னேரி வட்டாரத்திலே எந்த நிலக்காரரைக் கேட்டாலும் முதலிலே வருகிற பேச்சு இதுதான். நடவுக்கு ஆள் இல்லை, களையெடுப்புக்கு ஆள் இல்லை, வரப்பிலே மண்டிக் கிடக்கிற புல்லை அறுக்கக்கூட ஆள் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆள் எங்கே போனான்? வானத்திலே பறந்துவிட்டானா? விடியற்காலையிலே பொன்னேரி ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒரு கூட்டம்; தெற்கே மீஞ்சூர், எண்ணூர், சென்னை என்று இன்னொரு கூட்டம். கையிலே சோற்றுப் பாத்திரம், கண்ணிலே தூக்கம். எங்கே நாலு காசு கூடுதலாகக் கிடைக்கிறதோ அங்கே உழைப்பாளி போகிறான். அதிலே குற்றம் என்ன? நிலத்தின் விலை ஏறினால் "சந்தை நிலவரம்" என்று மகிழ்கிறவர்கள், உழைப்பின் விலை ஏறினால் மட்டும் "சோம்பேறியாகிவிட்டான்" என்கிறார்கள்!

ஆள் போன இடத்திலே எந்திரம் வந்து இறங்கியிருக்கிறது. சேற்றுழவுக்கு டிராக்டர், சிறு துண்டு நிலத்துக்குப் பவர் டில்லர், அறுவடைக்கு பெல்ட் வண்டி, வைக்கோலைச் சுருட்டிக் கட்ட ஓர் எந்திரம், வரப்புப் புல்லை வெட்டத் தோளிலே தொங்குகிற மிஷின். சொர்ணவாரி அறுவடை மழையிலே மாட்டிக்கொள்ளும்போதும், சம்பா முற்றியும் வயலிலே ஈரம் வற்றாதபோதும் இவை இல்லாமல் காரியம் நடப்பதில்லை.

நாம் எந்திரத்துக்குப் பகைவர்கள் அல்லர். முழங்கால் புதைகிற சேற்றிலே, மாட்டின் பின்னாலே நாள் முழுதும் நடந்து, கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் கண்டு, நாற்பது வயதிலே முதுகு வளைந்துபோன பரம்பரை நம்முடையது. அந்த வேலையை இரும்பு செய்யட்டும், வரவேற்போம். 1970களிலே கேரளத்துக் குட்டநாட்டிலே விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் டிராக்டரை எதிர்த்து நின்றதுண்டு. அதை இன்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் வேறு வேலையே இல்லாத ஊரிலே, உள்ள வேலையையும் எந்திரம் பறித்தால் அடுப்பு எரிவதெப்படி என்று கேட்டவனுடைய கேள்வி அறியாமையாலே பிறந்ததன்று, பசியாலே பிறந்தது. பொன்னேரியின் நிலைமை வேறு. இங்கே கேட்க வேண்டிய கேள்வியும் வேறு: எந்திரத்தின்மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன காப்பு?

அதற்கு முன்பு இந்த வண்டிகள் வயலுக்கு வந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரிலே படைவீரனைச் சுமந்து திரிந்தது ஜீப். 1945இலே போர் ஓய்ந்ததும், அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி அதை உழவனுடைய வாசலிலே கொண்டுபோய் நிறுத்தியது. ஏர் பூட்டலாம், புல் வெட்டும் கருவியை மாட்டலாம், சேற்றுப் பாதையிலே எருவையும் தீவனத்தையும் இழுக்கலாம் என்று சொல்லி விற்றார்கள். இங்கிலாந்திலே 1948இலே வெளிவந்த லேண்ட் ரோவரும் பண்ணை வேலையை எண்ணிச் செய்த வண்டியே. ஜெர்மனியிலே போருக்குப் பின் உருவான யூனிமாக் வண்டிக்குச் சக்கர அகலத்தை எப்படி வைத்தார்கள் தெரியுமா? இரண்டு உருளைக்கிழங்குச் சால்களின் அகலத்தை அளந்து! நம் நாட்டிலும் 1947 முதல் மஹிந்திரா கம்பெனியார் ஜீப்பின் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றார்கள். ஆனால் இங்கே ஜீப் வயலிலே இறங்கவில்லை. தாசில்தாரை ஏற்றிக்கொண்டு வரப்போரமாக வந்து நின்றது. தேர்தல் காலத்திலே ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருவிலே ஓடியது. சேறு நமக்கு, சவாரி அவர்களுக்கு!

சேற்றிலே இறங்கியது டிராக்டர்தான். இந்தியாவிலே முதன்முதலாக டிராக்டர் செய்தது 1959இலே, ஃபரிதாபாத்திலே, ஐஷர் கம்பெனி. அடுத்த ஆண்டே சென்னையிலே டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது; வடசென்னைச் செம்பியத்திலே மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் உருவாயின. செம்பியத்துக்கும் பொன்னேரிக்கும் தொலைவு அதிகமில்லை. டிராக்டரைச் செய்கிற தொழிலாளியும் அதை ஓட்டுகிற தொழிலாளியும் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள், சில குடும்பங்களிலே அண்ணன் தம்பிகள்.

அண்ணனுக்குச் சட்டம் இருந்தது. சுழலுகிற எந்திரப் பாகம் எதுவானாலும் வேலியிட்டு மூட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதலாளிக்குக் கட்டளையிட்டது. சும்மா வந்ததன்று அந்தச் சட்டம்; கை போனவர்களும் விரல் போனவர்களும் போராடிப் பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திலே புதிய தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. (அந்தத் தொகுப்புச் சட்டங்கள்மீது தொழிற்சங்கங்களுக்கு உள்ள மனக்குறை தனிக்கதை, அதை வேறொரு நாள் பேசுவோம்.) ஆனால் அதே டிராக்டர் ஆலை வாயிலைத் தாண்டித் தம்பியின் கைக்கு வந்து வயலிலே இறங்கியதும் என்ன ஆகிறது?

டிராக்டரின் பின்னாலே பி.டி.ஓ. தண்டு என்று ஒன்று சுழலுகிறது. ரோட்டவேட்டரையோ வைக்கோல் கட்டுகிற எந்திரத்தையோ ஓட்டுவது அதுதான். அது நிமிஷத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 9 சுற்று. லுங்கி முனையோ துண்டோ அதிலே பட்டால், "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆளை இழுத்துவிடும். கம்பெனியிலிருந்து வரும்போது அதற்கு மூடி உண்டு. கிரீஸ் போடக் கழற்றுவார்கள்; "நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம்" என்பார்கள்; அந்த நாளை வருவதேயில்லை. மூடி மாட்டுக் கொட்டகையிலே கிடக்கும், தண்டு வயலிலே சுழலும்.

அடுத்தது, சேறு. உழுது குழப்பிய சேற்றிலே ரப்பர் டயரின் பள்ளங்களிலே சேறு அப்பிக்கொண்டு, சக்கரம் வழுக்கும். அதனாலேதான் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டுகிறோம். சேறு கம்பிகளுக்கு நடுவே வழிந்துபோகும், பாரம் பரவும். (அந்தச் சக்கரத்தோடு தார்ச்சாலையிலே ஏறிச் சாலையைக் குதறிவிட்டுப் போகிற நண்பர்களே, அந்தச் சாலை உங்கள் வரிப்பணத்திலே போட்டதுதான். மோட்டார் வாகன விதி காற்றடைத்த டயரைத்தான் கேட்கிறது.) கூண்டுச் சக்கரம் இருந்தாலும் ஆழச் சேற்றிலே வண்டி சில வேளை உட்கார்ந்துவிடும். அப்போது அவசரக்காரர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். பெரிய சக்கரத்தின் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி, கியரைப் போட்டு, கிளச்சை விடுகிறார்கள்.

தோழர்களே, இதைப் போன்ற கொலைக்கருவி வேறில்லை! சக்கரம் சுழல முடியாமல் கட்டிப்போட்டால், எஞ்சினின் வலுவெல்லாம் வண்டியின் உடம்பைத் தூக்கத்தான் போகும். முன்சக்கரம் எழும்பும், வண்டி அச்சைச் சுற்றிப் பின்புறமாகப் புரண்டு ஓட்டுகிறவன்மேலேயே விழும். இதற்கு ஆகிற நேரம் ஒன்றரை நொடி. முன்சக்கரம் எழும்புவதைக் கண்டு, எண்ணிப் பார்த்து, கிளச்சை மிதிக்க மனிதனுக்கு அவ்வளவு நேரம் போதாது. இழுசங்கிலியைப் பின்அச்சுக்கு மேலே உயரமாகக் கட்டி இழுத்தாலும் இதேதான் நடக்கும். வண்டி சிக்கினால் பின்னாலே எடுத்துப் பார்ப்பது, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சேற்றை வெட்டிவிடுவது, இல்லையேல் இன்னொரு டிராக்டரைக் கெட்டித் தரையிலே நிறுத்தித் தாழ்வாகச் சங்கிலி பூட்டி மெதுவாக இழுப்பது — இவைதான் வழி. அரை மணி நேரம் போகும், போகட்டும்.

இந்த அரை மணி நேரத்தைத்தான் யாரும் தருவதில்லை என்பதிலே இருக்கிறது சூட்சுமம். வாடகை மணிக் கணக்கு. வண்டி சேற்றிலே நின்றால் நிலக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வண்டிக்காரர் அடுத்த வயலைப் பார்க்கிறார். புரோக்கர் இருவரிடமும் கமிஷனைப் பார்க்கிறார். இடையிலே நெருக்கப்படுகிறவன் ஓட்டுகிறவன். வெளி மாவட்டத்திலிருந்து அறுவடை வண்டியோடு வருகிற பையன், இரவும் பகலும் தூங்காமல், தாழ்ந்து தொங்குகிற மின்கம்பியின் கீழே, முன்பின் பார்த்திராத வரப்பைத் தாண்டி வண்டியை ஓட்டுகிறான். அவனுக்கு வருகைப் பதிவேடு உண்டா? வேலை நேரம் உண்டா? வண்டிக்குக் காப்பீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள், வண்டிக்காரனுக்கு இருக்கிறதா என்று கேட்டதுண்டா?

சட்டமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. டிராக்டரைக் கொண்டு பயிர்த்தொழில் செய்கிற வேலையும், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலே பின்னாளிலே சேர்க்கப்பட்டது. இன்று அந்தச் சட்டத்தின் இடத்திலே சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிற்கிறது. இழப்பீட்டுப் பொறுப்பு அதிலும் தொடர்கிறது. வடநாட்டிலே கதிரடிக்கும் எந்திரத்துக்குக் கையைப் பறிகொடுத்தவர்கள் பெருகியதாலே, 1983இலே அபாயகர எந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றைப் பாராளுமன்றம் இயற்றியது. ஆகவே சட்டம் வயலுக்குள்ளே வரவே முடியாது என்று யாரும் கதை அளக்க வேண்டாம். வந்த சட்டம் வரப்பிலே நிற்கிறது, சேற்றிலே இறங்கவில்லை. அதுதான் குறை.

இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சுவீடன் நாடு சான்று. புதிதாக விற்கிற டிராக்டர் ஒவ்வொன்றிலும், கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவனை நசுக்காதபடி தாங்குகிற இரும்புச் சட்டம் இருந்தே தீர வேண்டும் என்று 1959இலே அங்கே விதித்தார்கள். பிறகு பழைய வண்டிகளுக்கும் அதை விரித்தார்கள். டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்களின் தொகை அங்கே மிகப் பெரிதும் சுருங்கிப்போயிற்று. அதிலே மந்திரம் ஒன்றுமில்லை, வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்தான். நாமோ அதே 1959இலேதான் முதல் டிராக்டரைச் செய்தோம். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் நம் வயல்களிலே ஓடுகிற வண்டிகளிலே வெயிலுக்குக் கூடாரத் துணி இருக்கிறது, மாலை இருக்கிறது, நடிகர் படம் இருக்கிறது, பாட்டுப் பெட்டி இருக்கிறது. அந்தக் குழாயைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பணம் இல்லை என்பார்களா? 2014-15 முதல் வேளாண் எந்திரமயமாக்கும் திட்டத்தின்படி அரசாங்கம் எந்திரத்துக்கு மானியம் தருகிறது. சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம் வரை என்று வரையறுத்திருக்கிறார்கள். எந்திர வாடகை மையம் வைப்பவர்களுக்கும் மானியம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையும் சொந்தமாக எந்திரங்களை வைத்து வாடகைக்கு விடுகிறது. கூட்டுறவுச் சங்கங்கள் பலவும் விடுகின்றன. பொதுப் பணம் போகிற இடத்திலே பொது நிபந்தனையும் போக வேண்டாமா? தண்டுக்கு மூடி, கவிழ்ந்தால் தாங்கும் சட்டம், ஓட்டுகிறவன் பெயரிலே விபத்துக் காப்பீடு — இந்த மூன்றும் இருப்பதை வயலிலே வந்து பார்த்த பிறகே மானியத்தின் கடைசித் தவணை என்று ஓர் உத்தரவு போட எத்தனை நாளாகும்? வாங்கிய அன்றைக்குப் படம் எடுத்து அனுப்புவது போதாது. ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும்.

வாடகையைப் பற்றியும் ஒரு சொல். மணிக் கணக்கு இருக்கிறவரையிலே அவசரம் இருக்கும், அவசரம் இருக்கிறவரையிலே விபத்து இருக்கும். சேற்று வயலுக்கு ஏக்கர் கணக்கு வைப்பதே நியாயம் என்பது நம் கருத்து. வண்டிக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள், தெரியும்; ஆழச் சேற்றிலே டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்பார்கள். அதுவும் உண்மையே. அப்படியானால் அரசு எந்திரமும் கூட்டுறவு எந்திரமும் முதலிலே வழிகாட்டட்டும். பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம், கும்மிடிப்பூண்டி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் அவை போதிய எண்ணிக்கையிலே இருந்தால், தனியார் கணக்கும் தானாக இறங்கி வரும். அரை ஏக்கர்க்காரனும் வரிசையிலே முன்னாலே நிற்பான்.

எந்திரம் ஏறியதாலே வயலைவிட்டு இறங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. நட்டவர்கள் அவர்கள், அறுத்தவர்கள் அவர்கள், வரப்புப் புல்லை அறுத்து மாட்டைக் காத்தவர்களும் அவர்களே. நடவு எந்திரத்தை ஓட்டும் பயிற்சிக்கு மட்டும் ஆண்பிள்ளைகளை அழைப்பானேன்? புல் வெட்டும் மிஷினை ஒரு சகோதரியால் தூக்க முடியாதா? முடியும். ஆனால் கண்ணாடி இல்லாமல் யார் கையிலும் அதைக் கொடுக்காதீர்கள். சுழலுகிற தகடு வரப்புக் கல்லைத் தெறிக்கவிட்டால் போவது கண்.

மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் முன்னிலையிலே விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. நிலம் உள்ளவர்கள் போகிறார்கள்; ஏரியைப் பற்றி, உரத்தைப் பற்றி, கொள்முதல் நிலையத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்; பேச வேண்டியதுதான். டிராக்டர் ஓட்டுகிறவர்களும் அறுவடை வண்டி ஓட்டுகிறவர்களும் அங்கே போய் உட்கார்ந்ததாக நாம் கேள்விப்படவில்லை. கழகத் தோழர்கள் தங்கள் ஊரிலே இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பெயர் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டும். போகும் வழியிலே கொட்டகையிலே கிடக்கிற மூடியை எடுத்துத் தண்டிலே மாட்டிவிட்டுப் போகலாம். அதற்கு எந்த ஆட்சியருடைய உத்தரவும் வேண்டியதில்லை.