அப்டேட் போட்டதும் கறுப்புத் திரை: லினக்ஸில் என்விடியா ஏன் இப்படிப் படுத்துகிறது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா எல்லாம் நல்ல மாற்று. போட்டால் வைஃபை வேலை செய்யும், சத்தம் வரும், பிரவுசர் ஓடும். அப்புறம் ஒருநாள் ராத்திரி அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் கொடுப்பீர்கள். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். காலையில் மீட்டிங் வேறு இருக்கும்.

"லினக்ஸே இப்படித்தான்" என்று பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். ஆனால், உங்கள் லேப்டாப்பில் என்விடியா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், பழி போக வேண்டிய இடம் பெரும்பாலும் வேறு.

லினக்ஸின் மையப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான டிரைவர் அந்தக் கெர்னலுக்கு உள்ளேயே இருக்கிறது. கெர்னல் புதிதானால் டிரைவரும் சேர்ந்தே புதிதாகும். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, இங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

என்விடியா கதை வேறு. தன் டிரைவரின் மூலநிரலை அது பல ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தது. கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று வெளியிலிருந்து கவனித்தே தன்னார்வலர்கள் எழுதிய 'நூவோ' டிரைவர் 2010-ல் கெர்னலுக்குள் வந்தது. ஆனால் ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, என்விடியாவின் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டை முழு வேகத்தில் ஓட்ட முடியாதபடி ஆனது. படம் தெரியும், வேகம் இருக்காது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் கேமரா முன்னால் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது சும்மா இல்லை.

ஆக, முழு வேகம் வேண்டும் என்றால் என்விடியாவின் சொந்த டிரைவர்தான். அது கெர்னலுக்கு வெளியே தயாராவது. ஒவ்வொரு கெர்னலுக்கும் அதைத் தனியாகப் பொருத்திக் கட்ட வேண்டும். 'டிகேஎம்எஸ்' என்ற கருவி, கெர்னல் மாறும்போதெல்லாம் பின்னணியில் இந்த வேலையைச் செய்கிறது. அது பாதியில் நின்றாலோ, தேவையான ஹெட்டர் ஃபைல்கள் இல்லாவிட்டாலோ புதுக் கெர்னலுக்கு டிரைவர் இருக்காது. கறுப்புத் திரைக்கு அதுவே போதும்.

விண்டோஸ் பழக்கத்தில் என்விடியா தளத்துக்குப் போய் டிரைவரை டவுன்லோட் செய்து நிறுவுவதுதான் இதில் மோசமான வழி. உங்கள் லினக்ஸின் அப்டேட் அமைப்புக்கு அப்படி ஒரு டிரைவர் வந்ததே தெரியாது. உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' என்று இருக்கும். அதில் பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஃபெடோராவில் 'ஆர்பிஎம் ஃப்யூஷன்' களஞ்சியத்திலிருந்து போடலாம். ஆனால் நிறுவி முடித்ததும் ரீஸ்டார்ட் கொடுக்கக் கை பரபரக்கும். ஐந்து நிமிஷம் பொறுங்கள். டிரைவர் உள்ளே கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்தது செக்யூர் பூட். கையொப்பமில்லாத எதையும் கெர்னலுக்குள் விடாத காவல் இது. டிகேஎம்எஸ் உங்கள் கணினியிலேயே கட்டும் டிரைவருக்கு உங்கள் கணினியே ஒரு சாவியால் கையொப்பமிடும். அந்தச் சாவியை நம்பலாம் என்று நீங்கள் ஒருமுறை ஒப்புக்கொள்ள வேண்டும். உபுண்டு அதற்காக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று சில நொடிகளுக்கு மட்டும் வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். என்னவோ எரர் போல என்று 'கன்டினியூ பூட்' அழுத்தினால் டிரைவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் ஓடாது. இப்படிக் குழப்பும் ஒரு திரையைக் காட்டுவதை லினக்ஸ் தரப்பின் குறை என்றே சொல்ல வேண்டும்.

"செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க, பிரச்சினை தீர்ந்தது" என்று யாராவது சொல்வார்கள். தீரும்தான். ஆனால் அதே லேப்டாப்பில் விண்டோஸும் இருந்து, பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த முறை அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். ஆபீஸ் லேப்டாப் என்றால் அந்தச் சாவி உங்களிடம் இருக்காது.

2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியை மட்டும் திறந்துவிட்டது. டூரிங் தலைமுறை முதல், அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளுக்கும் அவற்றுக்குப் பிறகு வந்தவற்றுக்கும் மட்டும். ஆர்டிஎக்ஸ் 50 கார்டுகள் திறந்த வடிவில்தான் ஓடும். அதற்கு முந்தைய மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 580 வரிசையே கடைசி. ஜிடிஎக்ஸ் 1050, 1060 இதில் அடக்கம். மெல்லிய லேப்டாப்களில் வந்த எம்எக்ஸ்150, எம்எக்ஸ்250 கூட. இந்தக் கார்டு உள்ளவர்கள் 590-க்குத் தாவினால் டிரைவர் கார்டையே கண்டுகொள்ளாது. 580-லேயே நின்றுகொள்ள வேண்டும்.

பாஸ்கல் வந்தது 2016-ல். 2012-ல் வந்த ஏஎம்டி ரேடியான் எச்டி 7000 கார்டுகளுக்கு இன்றும் கெர்னலுக்குள் டிரைவர் உண்டு. அந்த நிறுவனம் கைவிட்டாலும் வேறு யாராவது பார்த்துக்கொள்ள முடியும், நிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. பழைய கார்டுகளின் பூட்டை மட்டும் திறக்காமல் ஆதரவை முடிப்பது, நன்றாக ஓடும் கணினியைக் குப்பைக்குத் தள்ளுவதற்குச் சமம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குபவர்கள் ரேமை மட்டும் கேட்காமல் கார்டின் மாடல் எண்ணையும் கேட்பது நல்லது.

ஏற்கெனவே திரை கறுப்பாகிவிட்டதா? ஃபார்மட் வேண்டாம். கணினி தொடங்கும்போது எஸ்கேப் அழுத்தினால் வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதற்கான டிரைவர் அப்படியே இருக்கும். அதுவும் வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். லாகின் செய்து என்விடியா பேக்கேஜ்களை நீக்கிவிட்டால் நூவோவிலாவது டெஸ்க்டாப் திரும்பும். ஃபைல்கள் எங்கும் போயிருக்காது.

லேப்டாப் திரை நன்றாக வந்து, ப்ரொஜெக்டர் மட்டும் வரவில்லையா? அதுவும் இதே கதைதான். பல லேப்டாப்களில் உள்திரையை ஓட்டுவது இன்டெல், எச்டிஎம்ஐ போர்ட் இணைந்திருப்பது என்விடியாவோடு. கேபிளை மாற்றிக்கொண்டிருக்காமல் டிரைவரைப் பாருங்கள்.