வீதியில் பெண்கள், பட்டியலில் ஆண்கள்

உலகின் முதலாவது பெண் பிரதமரைத் தந்த நாடு என்ற பெருமையை இலங்கையர் எவரும் இலகுவில் விட்டுக்கொடுப்பதில்லை. 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க பதவியேற்றதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1959இல் அவரது கணவர் சுட்டுக் கொல்லப்பட்டிராவிடில் அவர் அரசியலுக்கு வந்திருப்பாரா என்று நாம் கேட்பதில்லை. 1994இல் ஜனாதிபதியான சந்திரிகா அதே வீட்டுப் பிள்ளை. அவரும் கணவரைக் கொலைஞனின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர்.

தமிழர் தரப்பிலும் கதை பெரிதாக வேறுபடவில்லை. 1932இல் கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குச் சென்ற நேசம் சரவணமுத்து, கணவர் இழந்த ஆசனத்துக்கே போட்டியிட்டார். 2010இல் யாழ்ப்பாணத்திலிருந்து தெரிவான விஜயகலா மகேஸ்வரனின் கணவர் 2008 புத்தாண்டு நாளன்று கோயிலில் வைத்துக் கொல்லப்பட்டவர். இவர்களின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது எனது நோக்கமன்று. ஒரு பெண் மேடையேறுவதற்கு வீட்டில் ஓர் ஆணின் இடம் வெறுமையாக வேண்டியிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

2024இல் ஹரிணி அமரசூரிய பிரதமரானபோது இவ்வழக்கம் உடைந்தது. அவர் எந்த அரசியல் குடும்பத்தின் வாரிசும் அல்லர். எனினும் அவ்வாண்டு நவம்பரில் அமைந்த 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் பெண்கள் பத்திலொரு பங்கைக்கூட எட்டவில்லை. அந்தச் சிறு தொகையிலும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் தமிழ்ப் பெண்கள் இடம்பெற்றனர். பதுளையிலும் நுவரெலியாவிலும் மலையகப் பெண்கள் வென்றனர். வாக்காளரில் மிகப் பெரும்பாலோர் சிங்களவரான மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜ் வென்று அமைச்சருமானார்.

வடக்கு? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஆறு, வன்னியில் ஆறு. பன்னிரு ஆசனங்களிலும் ஆண்களே தெரிவாகினர். தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனமும் ஓர் ஆணுக்கே போயிற்று.

இதே வடக்கில்தான் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரம் அமர்ந்தனர். கேப்பாப்புலவில் இராணுவம் பிடித்துவைத்த காணிகளுக்காகக் குழந்தைகளுடன் இரவு பகலாகக் கிடந்தவர்களிலும் பெரும்பாலோர் பெண்களே. அப்பந்தல்களுக்கு வந்து படமெடுத்துக்கொண்டு திரும்பிய அரசியல்வாதிகளுக்குக் குறைவில்லை. வேட்புமனு நாள் வரும்போதோ அப்பெண்களின் முகவரி கட்சிகளுக்கு மறந்துவிடுகிறது.

"எங்கள் சனங்கள் பெண்களுக்கு வாக்களிக்காது" என்று கட்சிக்காரர்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 2013 வட மாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரன் 87,000க்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளைப் பெற்றார். முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம் அவருடையதே. கணவருக்காக விழுந்த வாக்குகள் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள். தந்தைக்காகவும் மாமனுக்காகவும் விழும் வாக்குகளில் வென்ற ஆண்களிடம் இக்கணக்கை யாரும் கேட்டதாக நினைவில்லை.

சட்டத்தால் மாற்றம் வருமா என்றால், ஓரளவுக்கு வரும். உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தனர். 25 சதவீத ஒதுக்கீட்டுடன் நடந்த 2018 தேர்தலில் இருபது சதவீதத்தைத் தாண்டினர். ஆயினும் கால்பங்கு முழுமையாக நிறையவில்லை. 20 சதவீதத்துக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனங்களும் பெற்ற கட்சிகள் பெண்களை நியமிக்கத் தேவையில்லை என்றொரு விலக்கு அச்சட்டத்திலேயே உண்டு. வெல்லக்கூடிய வட்டாரங்களைக் கட்சிகள் ஆண்களுக்கு வைத்துக்கொண்டு, பெண்களை மேலதிகப் பட்டியலில் இட்டு நிரப்பின. பட்டியலால் வந்தவர் என்ற ஏளனத்தையும் அப்பெண்களே சுமக்க நேர்ந்தது.

மாகாண சபைகளின் கதை இதனினும் விசித்திரம். 2017இன் திருத்தச் சட்டம் வேட்பாளர்களில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. அதே சட்டம் கொணர்ந்த எல்லை நிர்ணயச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமற் போயிற்று!

பாராளுமன்றத்துக்கு ஒதுக்கீடு கோரித் தமிழ்க் கட்சிகள் குரல் கொடுக்க வேண்டும். அது நிறைவேறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தேசியப் பட்டியல் ஆசனத்துக்கு ஒரு பெண்ணின் பெயரை அனுப்ப எந்தச் சட்டத் திருத்தமும் அவசியமில்லை. கட்சியின் மத்திய குழு ஒரு மாலை கூடினால் போதும். அக்குழுவில் இன்று எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வியை அங்கத்தவர்களே அடுத்த மாநாட்டில் எழுப்பட்டும்.